மழையில போன நம்ம தெரு ரோட்டுக்கு பேரிடர் நிதி கேட்கறது எப்படி: பெங்களூர் தமிழ் மக்களுக்கு

முதல்லயே ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், ரோடு ரிப்பேருக்கு பேரிடர் நிதி வேணும்னு நீங்களோ நானோ நேரா அப்ளை பண்ற மாதிரி ஒரு ஃபார்மும் கிடையாது, ஆன்லைன் போர்ட்டலும் கிடையாது. அந்த ரோடு எந்த ஆபீஸோடதோ அந்த ஆபீஸ் எஞ்சினியர்தான் சேத அறிக்கை எழுதி எஸ்டிமேட் போட்டு மேல அனுப்பணும், அது பல மேசை தாண்டி போய் பணம் வரும். அப்போ நமக்கு என்ன வேலைன்னு கேட்டா, நிறைய இருக்குங்க. அந்த அறிக்கையில எந்தெந்த ரோடு ஏறுதுங்கறது மழை விட்ட முதல் சில நாள்லயே முடிவாயிடும். அந்த நாள்ல யார் கையில போட்டோ, அளவு, தேதி, சீல் வச்ச மனு எல்லாம் இருக்கோ அவங்க தெரு லிஸ்ட்ல வரும், சும்மா "ரோடு சரியில்ல சார்"னு வாயால சொன்ன தெரு வராது.

2022 செப்டம்பர்ல பெல்லந்தூர், யமலூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் டிராக்டர்ல ஆளுங்கள ஏத்தி கொண்டுபோன காட்சிய நாடே பார்த்துச்சு, உடனே அப்போ முதல்வரா இருந்த பசவராஜ் பொம்மை பெங்களூருக்கு மட்டும் 300 கோடின்னு அறிவிச்சாரு. அங்க ஐடி கம்பெனி இருந்துச்சு, கேமரா போச்சு. ஆனா அதே மழையெல்லாம் லிங்கராஜபுரத்துலயும் ஸ்ரீராமபுரத்துலயும் ஓகலிபுரத்துலயும் ஈஜிபுராலயும் விவேக்நகர்லயும் பெய்யத்தான செய்யுது, நம்ம ஆளுங்க நெருக்கமா குடியிருக்கற சந்து பொந்தெல்லாம் சாக்கடை மோரி தண்ணி ஏறி ஜல்லி பேந்து கிடக்கத்தான செய்யுது. அங்க கேமரா வராது, அதனால காகிதம் நாமதான் உண்டாக்கணும். எனக்கு இதுல ரொம்ப அக்கறை இருக்கறதுக்கு காரணமே அதுதான், ஆம்புலன்ஸ் உள்ள வர முடியாத கிராஸ்ல வயசானவங்கள நாற்காலியில உக்கார வச்சு மெயின் ரோடு வரைக்கும் தூக்கிட்டு போறத பார்த்துட்டு சும்மா இருக்க முடியல.

சரி, இது என்ன பணம்னு கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க, அப்பதான் எஞ்சினியர் சொல்றதுல எது சரி எது தட்டிக்கழிக்கறதுன்னு தெரியும். 2005ல வந்த பேரிடர் மேலாண்மை சட்டத்துபடி ஒவ்வொரு மாநிலத்துக்கும் மாநில பேரிடர் நிவாரண நிதின்னு ஒண்ணு இருக்கு, ஆபீஸ்ல எல்லாரும் எஸ்டிஆர்எஃப்னுதான் சொல்வாங்க, நீங்களும் அப்படியே சொல்லுங்க. கர்நாடகாவுக்கு இதுல 100 ரூபாய்ல 75 மத்திய அரசு போடும், 25 மாநிலம் போடும். 15வது நிதிக்குழு 2021லேருந்து 2026 வரைக்கும் எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து பேரிடருக்குன்னு 1,60,153 கோடி ஒதுக்கினாங்க, அத பிரிச்ச விதம்தான் நமக்கு முக்கியம்: 40 சதவீதம் உடனடி நிவாரணத்துக்கு, 30 சதவீதம் மறுசீரமைப்புக்கு, 10 சதவீதம் முன்தயாரிப்புக்கு, மிச்சம் 20 சதவீதம் அடுத்த தடவை சேதமாகாம தடுக்கற வேலைக்கு, அந்த 20க்கு பேரு எஸ்டிஎம்எஃப். நிதிக்குழு மாறும்போது கணக்கும் விதியும் மாறும், அதனால நீங்க போற வருஷத்துக்கு எந்த உத்தரவு நடப்புல இருக்குன்னு ஆபீஸ்ல கேட்டு அந்த காப்பிய வாங்கிக்கோங்க, பழச வச்சு பேசினா வாயடைச்சுடுவாங்க.

இந்த உடனடி பணத்துல ரோட்டுக்கு என்னென்ன பண்ணலாம்னு மத்திய உள்துறை ஒரு பட்டியலே குடுத்திருக்கு. பள்ளம் மூடறது, அரிச்சுட்டு போன இடத்த அடைக்கறது, தண்ணி போக பைப் பதிக்கறது, ரோட்டுக்கு அடியில தண்ணி போற சின்ன பாலம், அதாவது கல்வெர்ட், உடைஞ்சிருந்தா சரி பண்றது, பாலத்துக்கு ஏறுற இடம் சரிஞ்சிருந்தா தற்காலிகமா கட்டறது, பாலத்து கைப்பிடி போயிருந்தா போடறது, சேதமான நீளத்துக்கு ஜல்லி மண் கலவை போட்டு வண்டி போற அளவுக்கு ஆக்கறது, இதெல்லாம் உண்டு. புது காங்கிரீட் ரோடு, அகலப்படுத்தறது, ஒயிட் டாப்பிங்னு தார் ரோடு மேல காங்கிரீட் போடறது, அழகான ஃபுட்பாத், இதெல்லாம் இந்த கணக்குல கிடையவே கிடையாது. இங்கதான் நிறைய அசோசியேஷன் மனு அடிபட்டு போகுது. "எங்க தெருவுக்கு புது சிமெண்ட் ரோடு போட்டுத் தரணும்"னு எழுதினா அந்த நிமிஷமே அது பேரிடர் ஃபைல்லேருந்து வெளிய போய் சாதாரண வளர்ச்சிப் பணி கோரிக்கை ஆயிடும், அப்புறம் அடுத்த பட்ஜெட்டுக்கு காத்திருக்கணும். மனுவுல "போக்குவரத்தை மீண்டும் தொடங்கும் அளவுக்கு உடனடி சீரமைப்பு"ங்கற அர்த்தம் வரணும், அவ்வளவுதான், புது ரோடு ஆசைய வேற மனுவுல வேற தேதியில எழுதுங்க.

இன்னொண்ணு, 15வது நிதிக்குழு காலத்துல மத்திய அரசு அறிவிச்ச பேரிடர் 12 வகை, புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, ஆலங்கட்டி, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், கடுங்குளிர். இதுல வெள்ளம் இருக்கு, வெறும் மழைன்னு தனியா இல்ல. அதனால "மழையால் ரோடு கெட்டது"ன்னு மட்டும் நிறுத்தாம, இந்த தேதியில பெஞ்ச கனமழையில ராஜகாலுவே, அதாவது பெரிய மழைநீர் கால்வாய், நிரம்பி வெள்ளம் தெருவுக்குள்ள வந்து இத்தனை மணி நேரம் நின்னுச்சு, அதுல ரோடு அரிச்சு போச்சுன்னு காரணத்தோட எழுதணும். அது உண்மையாவும் இருக்கணும். ரெண்டு வருஷமா கிடக்கற பள்ளத்த நேத்து மழையில வந்துச்சுன்னு எழுதாதீங்க, எஞ்சினியருக்கு அந்த பள்ளம் நல்லா தெரியும், ஒரு பொய் மாட்டினா மிச்ச பத்து உண்மையும் போயிடும்.

இப்போ ரோடு யாரோடதுங்கற கேள்வி. இது பெங்களூர்ல பெரிய தலைவலி, ஆனா இத சரியா பிடிச்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. முன்ன எல்லாத்துக்கும் பிபிஎம்பின்னு பெங்களூர் மாநகராட்சி பேர சொல்லிடுவோம், 2025 செப்டம்பர்லேருந்து அது இல்ல, கிரேட்டர் பெங்களூரு அத்தாரிட்டின்னு மேல ஒண்ணு, கீழ சென்ட்ரல், நார்த், சவுத், ஈஸ்ட், வெஸ்ட்னு அஞ்சு கார்ப்பரேஷன். தெரு ரோடு அந்தந்த கார்ப்பரேஷனோட வார்டு எஞ்சினியரிங் பிரிவு, பெரிய மெயின் ரோடுன்னா தனி பிரிவு இருக்கும். ஓசூர் ரோட்டுல சில்க் போர்டு தாண்டினா அது என்ஹெச் 44, கே.ஆர்.புரம் தாண்டி கோலார் போற ரோடு என்ஹெச் 75, நேஷனல் ஹைவேக்கு மாநில நிதி வராது, அவங்களுக்கு தனி பணம், தனி ஆபீஸ். பிடிஏ, அதாவது பெங்களூர் வளர்ச்சி ஆணையம், போட்டு இன்னும் கார்ப்பரேஷனுக்கு ஒப்படைக்காத லேஅவுட்னா பிடிஏகிட்டதான் போகணும். தனியார் லேஅவுட்ல டெவலப்பர் ரோட்ட ஒப்படைக்கவே இல்லன்னா அது பொது ரோடே இல்ல, அதுக்கு இந்த நிதி கேட்க முடியாது, முதல்ல ஒப்படைப்பு வேலைய பாருங்க. அல்சூர் பக்கம், எச்ஏஎல் பக்கம் சில ரோடு ராணுவ இடத்துல வரும், அது தனி வழி. மெட்ரோ வேலை நடக்கற ரோடுன்னா அந்த நீளத்த பராமரிக்க வேண்டிய பொறுப்பு மெட்ரோ கான்ட்ராக்டருக்கு எழுதி குடுத்திருக்கான்னு கேளுங்க.

அப்புறம் ரெண்டு விஷயம் கண்டிப்பா பாருங்க, ஏன்னா இந்த ரெண்டுலயும் மாட்டினா ஃபைல் திரும்பி வரும். தண்ணி வாரியம் பைப் போட தோண்டி அரகுறையா மூடின இடம் மழையில உக்காந்து போச்சுன்னா அது பேரிடர் இல்ல, தோண்டினவங்க சரி பண்ணித் தரணும். அதே மாதிரி ரோடு சமீபத்துல போட்டதுன்னா கான்ட்ராக்டர் சில வருஷத்துக்கு தன் காசுல பராமரிக்கணும்னு ஒப்பந்தத்துல இருக்கும், அத டிஎல்பின்னு சொல்வாங்க. டிஎல்பி ஓடிட்டிருக்கற ரோட்டுக்கு அரசு பணம் கேட்கறது கான்ட்ராக்டர் பாக்கெட்ல பணம் வைக்கற வேலை, அத நாம செய்யக்கூடாது. "சார் இந்த ரோட்டுக்கு டிஎல்பி எப்போ முடியுது"ன்னு ஒரு கேள்வி கேளுங்க, ஓடிட்டு இருந்தா கான்ட்ராக்டர கூப்பிட்டு போட வைங்கன்னு எழுதிக் குடுங்க, அது இந்த நிதிய விட சீக்கிரம் நடக்கும்.

இனி ஆதாரம் எடுக்கறது, இதுல நேரம் செலவு பண்ணுங்க. தண்ணி நிக்கும்போதே ஒரு போட்டோ வேணும், தண்ணி வடிஞ்சப்புறம் ஒரு போட்டோ வேணும், ரெண்டும் ஒரே இடத்துலேருந்து ஒரே பக்கம் பார்த்து எடுக்கணும். போன்ல ஜிபிஎஸ் கேமரா ஆப் ஒண்ணு போட்டுக்கோங்க, போட்டோ அடியிலயே இடம், தேதி, நேரம் எல்லாம் விழும். வாட்ஸ்அப்ல அனுப்பினா போட்டோ சுருங்கி விவரம் போயிடும், அதனால ஒரிஜினல ஒருத்தர் போன்ல பத்திரமா வச்சிருங்க, அனுப்பும்போது டாக்குமெண்டா அனுப்புங்க. போட்டோல வெறும் பள்ளம் மட்டும் தெரிஞ்சா எந்த ஊர் பள்ளம்னு யாருக்கு தெரியும், பின்னாடி ஒரு அடையாளம் வரணும், கோயில் கோபுரம், ரேஷன் கடை போர்டு, கிராஸ் நம்பர் எழுதின பலகை, கரண்ட் டிரான்ஸ்பார்மர் மேல பெயிண்ட்ல எழுதியிருக்கற நம்பர். இந்த டிரான்ஸ்பார்மர் நம்பர் ரொம்ப உதவும், எஞ்சினியர் வராமலேயே இடத்த கண்டுபிடிச்சுடுவாரு, இது வேற இடம்னு தட்டவும் முடியாது.

பள்ளத்துக்குள்ள ஒரு ஸ்கூல் ஸ்கேல நிறுத்தி வச்சு கிட்ட போய் ஒண்ணு எடுங்க, ஆழம் எத்தனைன்னு தெரியணும். டெய்லர் கடையில டேப் வாங்கிட்டு வந்தா பத்தாது, கொத்தனார் யாராவது நம்ம தெருவுல இருப்பாங்க, அவங்ககிட்ட நீட்டு டேப் இருக்கும், கேட்டா சந்தோஷமா வருவாங்க. நீளம், அகலம், ஆழம் மூணும் மீட்டர்ல எழுதுங்க. உதாரணத்துக்கு 40 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 15 சென்டிமீட்டர்னா 40 × 3.5 × 0.15, அதாவது 21 கன மீட்டர் நிரப்பணும். இந்த 21ங்கற நம்பர் உங்க மனுவுல இருந்தா எஞ்சினியர் எஸ்டிமேட் போடறது சுலபம், அவரு வந்து அளக்கும்போது கிட்டத்தட்ட அதே வந்துச்சுன்னா உங்க பேச்சுக்கு மதிப்பு ஏறும். அளவு அதிகமா போடாதீங்க, குறைச்சு போட்டா கூட பரவாயில்ல.

மழை அளவு அடுத்தது. யெலஹங்கால இருக்கற கர்நாடகா பேரிடர் கண்காணிப்பு மையம், கேஎஸ்என்டிஎம்சின்னு சொல்வாங்க, அவங்க நகரம் பூரா தானியங்கி மழைமானி வச்சு அளவு எடுக்கறாங்க, தினமும் அறிக்கை வெப்சைட்ல போடறாங்க. உங்க ஏரியாவுக்கு கிட்ட இருக்கற மழைமானியில அந்த தேதிக்கு எத்தனை மில்லிமீட்டர்னு பார்த்து அந்த பக்கத்த அன்னைக்கே பிரிண்ட் எடுத்து வச்சிடுங்க. 2022 செப்டம்பர் 4ஆம் தேதி ராத்திரி நகரத்துல 131.6 மில்லிமீட்டர்னு பதிவாச்சு, ஆனா ஊருக்கு சொல்ற ஒரு நம்பர் உங்க தெருவுக்கு பொருந்தாது, எலக்ட்ரானிக் சிட்டியில வெயில் அடிக்கும்போது ஹெப்பால்ல கொட்டும், நம்ம ஊர் மழை அப்படி. 2024 அக்டோபர்ல யெலஹங்கா கேந்திரிய விஹார்ல படகு விட்டாங்க, அதே நாள் ஊருக்குள்ள வேற பல இடத்துல அந்த அளவுக்கு இல்ல. அதனால கிட்ட இருக்கற மானி கணக்குதான் வேணும்.

இதோட இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். ஸ்கூல் வேன் உள்ள வரல, தண்ணி டேங்கர் வரல, கேஸ் சிலிண்டர் வண்டி மெயின்லயே நின்னுடுச்சு, இப்படி தொடர்பு அறுந்து போனத தேதியோட எழுதுங்க, முடிஞ்சா ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட அல்லது அங்கன்வாடி டீச்சர்கிட்ட ரெண்டு வரி எழுதி வாங்குங்க. இந்த நிதியோட நோக்கமே தொடர்ப மீட்கறதுதான், அதனால அங்கன்வாடி, ஆஸ்பத்திரி, ரேஷன் கடைக்கு போற ரோடுன்னா அத மேல தூக்கிக் காட்டுங்க.

மனு எழுதறதுக்கு வருவோம். கன்னடத்துல எழுதுங்க, அது ரொம்ப முக்கியம். நாம பல தலைமுறையா இங்க இருந்தாலும் பேசறோமே தவிர எழுத பல பேருக்கு வராது, வீட்ல ஸ்கூல்ல கன்னடம் படிக்கற பிள்ளைங்க இருக்காங்க, அவங்கள உக்கார வச்சு எழுத வைங்க, அவங்களுக்கும் ஆபீஸ் மனு எழுதற பழக்கம் வரும். பக்கத்து வீட்டு கன்னடக்காரங்களையும் கண்டிப்பா கையெழுத்துல சேருங்க, ரோடு எல்லாருக்கும் ஒண்ணுதான. மனு ஒரு பக்கத்த தாண்ட வேணாம், இந்த மாதிரி இருக்கட்டும்:

"உதவி செயற்பொறியாளர் அவர்களுக்கு. பொருள்: வெள்ளத்தால் சேதமடைந்த பொது சாலையை பேரிடர் சேதப் பட்டியலில் சேர்த்து உடனடி சீரமைப்பு செய்யக் கோருதல். இந்த தேதி இரவு பெய்த கனமழையில் (மழைமானி அளவு இணைப்பு 1) ராஜகாலுவே நிரம்பி எங்கள் கிராஸில் வெள்ளம் புகுந்து இத்தனை மணி நேரம் நின்றது. இந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து அந்த கல்வெர்ட் வரை 40 மீட்டர் நீளத்துக்கு சாலை அரித்துப் போயுள்ளது, கல்வெர்ட்டின் ஒரு பக்கச் சுவர் இடிந்துள்ளது (அளவும் படங்களும் இணைப்பு 2). இத்தனை வீடுகள், ஒரு அங்கன்வாடி இந்த வழியை மட்டுமே நம்பியுள்ளன. இடத்தை நேரில் ஆய்வு செய்து, மாநில பேரிடர் நிவாரண நிதி நெறிமுறைப்படி சேத மதிப்பீட்டை தயாரித்து மேலிடத்துக்கு அனுப்பி, அந்தக் கடித எண்ணை எங்களுக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம்."

கடைசி வரிய விட்டுடாதீங்க, கடித எண் கேட்கறதுதான் இந்த மனுவோட உயிர். மனுவ ரெண்டு காப்பி எடுத்துட்டு போய் தபால் செக்‌ஷன்ல குடுங்க, உங்க காப்பியில சீல், தேதி, மனு வந்ததுக்கு பதியற இன்வர்டு நம்பர் மூணும் போட்டு வாங்கிட்டுதான் வெளிய வரணும். சில இடத்துல "குடுத்துட்டு போங்கம்மா, சார் பார்ப்பாரு"ன்னு சொல்வாங்க, அப்போ கோவப்படாம "பரவால்ல சார், சீல் போடற வரைக்கும் இருக்கோம்"னு உக்காந்துடுங்க, ரெண்டு மூணு பொம்பளைங்க சேர்ந்து போனா வேலை நடக்குது, நான் பார்த்திருக்கேன். அதே மனுவோட நகல கார்ப்பரேஷன் கமிஷனருக்கும் மாவட்ட கலெக்டரான டிசிக்கும் எம்எல்ஏ ஆபீஸுக்கும் அனுப்புங்க. டிசிக்கு ஏன்னா, பேரிடர் சட்டத்துபடி மாவட்ட பேரிடர் ஆணையத்துக்கு தலைவர் அவருதான். 2025ல வந்த திருத்தத்துல மாநில தலைநகரத்துக்கும் பெரிய மாநகராட்சிக்கும் நகர்ப்புற பேரிடர் ஆணையம்னு தனியா அமைக்கலாம்னு இடம் வச்சிருக்காங்க, அதுல கமிஷனர் தலைவர், அதனால ரெண்டு பேருக்கும் போறது நல்லது. கூடவே கார்ப்பரேஷன் ஹெல்ப்லைன் 1533ல ஒரு புகார் பதிஞ்சு நம்பர வாங்கி அத மனுவோட மேல எழுதிடுங்க, மாநில அரசோட குறைதீர்ப்பு லைன் 1902 ஜனஸ்பந்தனாலயும் போடலாம். ஆனா வெறும் ஆப் புகார நம்பி இருக்காதீங்க, அதுல பள்ளம் மூடியாச்சுன்னு க்ளோஸ் பண்ணிட்டா சேதப் பட்டியல் வரைக்கும் அது போகாது.

வீட்டுக்குள்ள தண்ணி புகுந்ததுக்கு குடுக்கற நிவாரணம் வேற, அது ரெவின்யூ ஆளுங்க வீடு வீடா வந்து எழுதுவாங்க. ரெண்டையும் ஒரே மனுவுல கலக்காதீங்க, கலந்தா ரெண்டு மேசைக்கும் நடுவுல கிடக்கும்.

இப்போ ஃபைல் போற பாதை. ஏஇ, அதாவது உதவிப் பொறியாளர், வந்து அளப்பாரு, ஏஇஇ, அதாவது உதவி செயற்பொறியாளர், பார்ப்பாரு, இஇ, அதாவது செயற்பொறியாளர், கையெழுத்து போடுவாரு, அங்கேருந்து கார்ப்பரேஷன் கமிஷனர், பேரிடர் ஆணையம், அப்புறம் விதான சௌதா பக்கம் ரெவின்யூ துறையோட பேரிடர் பிரிவு, கடைசியா தலைமைச் செயலாளர் தலைமையில இருக்கற மாநில செயற்குழு. இதுல நாம தள்ளக்கூடிய இடம் முதல் மூணு படிதான். ஏஇ வர்ற நாள தெரிஞ்சுக்கிட்டு தெருவுல நாலு பேர் நில்லுங்க, டீ குடுங்க, மரியாதையா பேசுங்க, அவரு அளக்கும்போது நீங்க அளந்த பேப்பர காட்டுங்க. அவங்களும் ஒரு ஆளுக்கு ஏகப்பட்ட வார்டு பார்க்கறவங்க, மழை காலத்துல தூங்காம ஓடறவங்க, நம்ம எதிரி இல்ல. ஆனா அளந்துட்டு போனப்புறம் வாராவாரம் போய் "சார் எஸ்டிமேட் இஇக்கு போயாச்சா, நம்பர் என்ன"ன்னு கேட்கணும், நிறுத்தக்கூடாது.

பணம் எவ்வளவு வரும்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டா ஏமாற்றம் இருக்காது. மாநிலத்தோட சாதாரண பராமரிப்பு ரேட்ட வச்சுதான் கணக்கு, அந்த ரேட் இல்லன்னா மத்திய அரசோட 2015 நெறிமுறையில ஸ்டேட் ஹைவேக்கும் மாவட்ட முக்கிய ரோட்டுக்கும் கிலோமீட்டருக்கு 1 லட்சம், கிராம ரோட்டுக்கு 60 ஆயிரம்னு இருந்துச்சு. யோசிச்சு பாருங்க, 400 மீட்டர் தெருவுக்கு அந்த 60 ஆயிரம் கணக்குல 24 ஆயிரம்தான் வரும். இவ்வளவு சின்ன தொகைக்கு ஒரு தெருவுக்குன்னு தனி வேலை யாரும் எடுக்க மாட்டாங்க. அதனால உங்க தெரு மட்டும் போகாம, அந்த மோரிய ஒட்டி சேதமான எல்லா கிராஸையும் சேர்த்து ஒரே பேக்கேஜா கேளுங்க, பக்கத்து தெரு அசோசியேஷன், சர்ச், மசூதி கமிட்டி, கோயில் கமிட்டி எல்லாரையும் சேருங்க. பேக்கேஜ் பெருசா இருந்தா எஞ்சினியருக்கும் எழுத மனசு வரும், கான்ட்ராக்டரும் வருவாரு.

"டெண்டர் விடணும், நாலு மாசம் ஆகும்"னு சொன்னா, பேரிடர் சட்டம் 50வது பிரிவுல அவசரத்துக்கு டெண்டர் நடைமுறை இல்லாம வாங்கறதுக்கு வழி இருக்குன்னு பணிவா ஞாபகப்படுத்துங்க. அதே 2015 நெறிமுறையில உடனடி சீரமைப்புக்கு சமவெளிப் பகுதியில 30 நாள், மலைப் பகுதியில 45 நாள்னு காலவரையறை சொல்லியிருந்தாங்க. நாலு மாசம் கழிச்சு போடற ஜல்லிய உடனடி சீரமைப்புன்னு சொல்ல முடியாது.

மாநில நிதி தாங்காத அளவுக்கு பெரிய வெள்ளம்னா தேசிய நிதிக்கு, என்டிஆர்எஃப்னு சொல்வாங்க, மாநிலம் ஒரு மெமோராண்டம் அனுப்பும், டெல்லியிலேருந்து பல அமைச்சக அதிகாரிங்க குழு வந்து பார்த்துட்டு போவாங்க, உள்துறை அமைச்சர் தலைமையில இருக்கற உயர்மட்டக் குழு தொகைய முடிவு பண்ணும். இதுக்கு ரொம்ப நாள் ஆகும், கேட்டது முழுசா வராது. 2023 வறட்சிக்கு கர்நாடகா 18,171 கோடி கேட்டு, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2024 ஏப்ரல்ல 3,454 கோடி வந்துச்சு. அந்த பணத்த நம்பி தெருவ போட்டுக்கலாம்னு இருக்காதீங்க. ஆனா மத்திய குழு வர்ற சமயத்துல உங்க ஏரியாவ அவங்க பார்க்கற இடத்துல சேர்க்கச் சொல்லி டிசி ஆபீஸ்ல ஒரு மனு குடுக்கறது நல்லதுதான், ஜாயிண்ட் சர்வே லிஸ்ட்ல ஏறினா அந்த பதிவு பின்னாடியும் உதவும்.

ஒரு மாசம் ஆகியும் பதில் இல்லன்னா ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமை மனு, போடுங்க. கர்நாடகாவுல 10 ரூபாய் கட்டணம், ஒரு மனுவுல ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள்ள இருக்கணும், இத தாண்டினா திருப்பி அனுப்பிடுவாங்க, ஆன்லைன்லயும் போடலாம். "ஏன் எங்க ரோடு போடல"ன்னு கேட்காதீங்க, ஏன்ங்கற கேள்விக்கு ஆர்டிஐல பதில் வராது. காகிதம் கேளுங்க: இந்த தேதி மழைக்கு இந்த வார்டுலேருந்து மேல அனுப்பின ரோடு சேத பட்டியலோட நகல், எங்க இன்வர்டு நம்பர் மனு மேல எடுத்த நடவடிக்கை குறிப்போட நகல், இந்த நிதியில ஒப்புதல் ஆன வேலைகளோட லிஸ்ட். 30 நாள்ல பதில் வரணும், வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் அப்பீல் போடணும். பல நேரத்துல ஆர்டிஐ உள்ள போன வாரமே ஏஇ போன் பண்ணுவாரு, அப்போ பழசெல்லாம் கிளறாம வேலைய பேசுங்க.

பட்டியல்ல நம்ம தெரு இல்லவே இல்லன்னு வந்துட்டா கதவு மூடலங்க. எம்எல்ஏ தொகுதி நிதி வருஷத்துக்கு 2 கோடி இருக்கு, நீங்க சேர்த்த அதே போட்டோவும் அளவும் எடுத்துட்டு அங்க போங்க, தயார் எஸ்டிமேட்டோட வர்றவங்க ரொம்ப கம்மி, கண்டிப்பா கேட்பாங்க. வருஷா வருஷம் அதே இடத்துல அரிச்சா அது ரோடு பிரச்சனை இல்ல, தண்ணி போக வழி இல்லாத பிரச்சனை, அதுக்கு நான் முன்ன சொன்ன எஸ்டிஎம்எஃப் தடுப்பு நிதிதான் சரியான இடம், மோரிய ஆழப்படுத்தறது, கல்வெர்ட்ட பெருசாக்கறதுன்னு கேட்கணும். 15வது நிதிக்குழு நகர்ப்புற வெள்ளத் தடுப்புக்குன்னு ஏழு நகரத்துக்கு 2,500 கோடி சொன்னதுல பெங்களூருக்கு 250 கோடி இருந்துச்சு. அந்த மாதிரி திட்டம் போடும்போது எந்த மோரி எங்க நிரம்புதுன்னு அவங்களுக்கு பதிவு வேணும், மூணு மழைக்காலத்து போட்டோ ஒரே இடத்துலேருந்து தேதியோட உங்ககிட்ட இருந்தா அத விட பலமான ஆதாரம் இல்ல, அதனால பழைய போட்டோவ அழிச்சுடாதீங்க.

ஒப்புதல் வந்து வேலை ஆரம்பிக்கும்போது கூடவே இருங்க. என்ன வேலை, எத்தனை நீளம், எந்த நிதி, கான்ட்ராக்டர் யாரு, எப்போ முடிக்கணும்னு ஒர்க் ஆர்டர் காப்பி கேளுங்க. சேறு மேலயே ஜல்லி கொட்ட விடாதீங்க, முதல்ல சேற வாரி எடுத்து, தண்ணி போக வாட்டம் வச்சு, அடுக்கடுக்கா போட்டு ரோலர் ஓட்டணும், ஒரே தடவையா ஒரு அடி கொட்டி மேல ரோலர் விட்டா அடுத்த மழையிலயே உக்காந்துடும். மோரி அடைப்பு எடுக்காம ரோடு போட வந்தா நிறுத்தி ஏஇக்கு போன் பண்ணுங்க. கல்வெர்ட் வேலைன்னா பைப் உள்ள கட்டட இடிபாடு விழுந்து கிடக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க. முடிஞ்சதும் பழைய அதே இடத்துல நின்னு போட்டோ எடுத்து, நீளம் அளந்து, எஞ்சினியர் வேலைய அளந்து எழுதற மெஷர்மெண்ட் புக்ல எழுதினதும் நீங்க அளந்ததும் ஒண்ணா இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா பில் பாஸ் ஆகறதுக்கு முன்னாடியே இஇக்கு எழுதிக் குடுங்க, பில் போனப்புறம் பேசி பிரயோஜனம் இல்ல. கடைசியா வேலை முடிஞ்ச தேதிய எழுத்துல வாங்கி அசோசியேஷன் ஃபைல்ல வச்சிடுங்க, டிஎல்பி இருந்தா அது அந்த தேதியிலேருந்துதான் ஓடும், அதுக்குள்ள பேந்துச்சுன்னா யார கூப்பிடணும்னு அந்த பேப்பர்லயே இருக்கும்.